பரணில் ஏற்றிய டேட்டாசெட்: வாசகர் கேள்வி-பதில்

மெயின்ஃப்ரேமில் நெடுநாள் யாரும் தொடாமல் கிடக்கும் டேட்டாசெட்டுகளை (அங்கே கோப்புக்கு அதுதான் பெயர்) ஒதுக்கி வைப்பது பற்றி மதுரை வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். கடிதங்கள் எல்லாமே மெயின்ஃப்ரேம் இயங்குதளமான இசட்/ஓ.எஸ்.ஸில் இந்த ஒதுக்கும் வேலையைத் தானாகச் செய்யும் டி.எஃப்.எஸ்.எம்.எஸ்.ஹெச்.எஸ்.எம்.மைச் சுற்றியவை. அலுவலகத்தில் எல்லாரும் சொல்வதுபோல் இங்கேயும் அது வெறும் ஹெச்.எஸ்.எம்.தான்.

கே: டேட்டாசெட் பட்டியல் காட்டும் 3.4 பேனலில் வால்யூம் (டிஸ்க் அல்லது டேப்) பெயர் வர வேண்டிய இடத்தில் சிலவற்றுக்கு மிக்ராட்1 என்றும் சிலவற்றுக்கு மிக்ராட்2 என்றும் வருகிறது. முதல் வகை உடனே திறக்கிறது. இரண்டாவது வகையில் 'பி' (பிரவுஸ்) போட்டு என்டர் தட்டினால் திரை உறைந்துவிடுகிறது. டீ குடித்துவிட்டு வந்தாலும் அப்படியே நிற்கிறது. என் பக்கம் ஏதும் தவறா?
— வாசகர், வடபழஞ்சி

ப: தவறு ஒன்றும் இல்லை. வீட்டில் கையெட்டும் அலமாரி, மேலே பரண், தெருக்கோடியில் குடோன் என்று மூன்று இடம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அலமாரி என்பது நீங்கள் அன்றாடம் எழுதும் டிஸ்க். பரண் என்பது எம்.எல்.1 (மைக்ரேஷன் லெவல் 1). அதுவும் டிஸ்க்தான், ஆனால் ஹெச்.எஸ்.எம். அதில் சுருக்கி வைக்கும். குடோன் என்பது எம்.எல்.2, பெரும்பாலும் டேப். டேட்டாசெட் நகர்ந்ததும், எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் பதிவேடான கேட்டலாகில் அதன் வால்யூம் பெயர் மிக்ராட் என்று மாறிவிடும். எந்த வகைச் சாதனத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்து 3.4 பேனல் 1 அல்லது 2 சேர்த்துக் காட்டுகிறது.

திறந்தாலே போதும், ஹெச்.எஸ்.எம். தானாகத் திருப்பிக் கொண்டுவரும். இதுதான் ரீகால். டேப்பில் இருந்தால் கார்ட்ரிட்ஜை டிரைவில் ஏற்ற வேண்டும், இடத்தைத் தேட வேண்டும், படிக்க வேண்டும். அதே கார்ட்ரிட்ஜ் அப்போது வேறொரு வேலையிடம் மாட்டியிருந்தால் நீங்கள் வரிசையில் நிற்கிறீர்கள். காத்திருக்கும்போது ஏ.ஆர்.சி. 1020 என்ற செய்தி வரும். அட்டென்ஷன் கீயை அழுத்தினால் ரீகால் பின்னணியில் தொடரும், திரை உங்கள் கைக்கு வந்துவிடும் என்று அதிலேயே எழுதியிருக்கும். பலரும் அதைப் படிப்பதில்லை.

இன்னும் நல்ல வழி, 'பி' போடும் இடத்தில் ஹெச்ரீகால், ஒரு சாய்கோடு, நோவெயிட் என்று தட்டுவது. சாய்கோடு அந்த வரியின் டேட்டாசெட் பெயராக மாறிக்கொள்ளும். வரிசை எங்கே நிற்கிறது என்று ஹெச்குவெரி சொல்லும். எப்போது நகர்ந்தது என்று தெரிந்தால் மட்டும் போதுமானால் ஹெச்லிஸ்ட் போடுங்கள். அதற்கு டேட்டாசெட் இறங்கி வர வேண்டியதில்லை. வேண்டாதது என்று உறுதியானால் ஹெச்டெலீட். அழிப்பதற்காகக் குடோனிலிருந்து இறக்குவது வீண் வேலை.

கே: எங்கள் பூலில் (டிஸ்க் வால்யூம்களின் தொகுப்பு) ஒவ்வொரு இரவும், பழையவற்றை நகர்த்தும் பிரைமரி ஸ்பேஸ் மேனேஜ்மென்ட் ஓடுகிறது. 92 சதவீதம் நிரம்பிய வால்யூம்கள் 90-க்கு வந்து நின்றுவிடுகின்றன. இரண்டு ஆண்டுக்கு முந்தைய டேட்டாசெட்டுகள்கூட இன்னும் டிஸ்கிலேயே இருக்கின்றன. ஹெச்.எஸ்.எம். ஏன் இவற்றைத் தொட மறுக்கிறது?
— வாசகர், திருமங்கலம்

ப: இரண்டு தனித்தனிச் சிக்கல்களை ஒன்றாகக் கேட்டிருக்கிறீர்கள்.

90-இல் நிற்பதற்கு, அந்தப் பூலுக்கான அமைப்பான ஸ்டோரேஜ் குரூப்பைத் திறந்து பாருங்கள். மைக்ரேஷன் த்ரெஷோல்டில் ஹை, லோ என்று இரண்டு எண்கள் இருக்கும். வால்யூம் லோ எண்ணுக்கு இறங்கியதும் அந்த இரவுக்கு ஹெச்.எஸ்.எம். வேலையை நிறுத்திவிடும். உங்கள் லோ 90 என்று இருந்தால் அது சொன்னதைத்தான் செய்கிறது. ஹை 85, லோ 65 மாதிரி இடைவெளி விட்டு வைத்தால் மறுநாள் பகல் வேலைக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். அதே பேனலில் ஆட்டோ மைக்ரேட் 'என்' (நோ) என்று இருந்தால் எந்த எண்ணுக்கும் பொருள் இல்லை, அதையும் பார்த்துவிடுங்கள்.

பழையவை நகராததற்குக் காரணம் வேறு. 'இரண்டு ஆண்டுக்கு முந்தைய' என்று நீங்கள் சொல்வது உருவாக்கிய தேதியை. ஹெச்.எஸ்.எம். பார்ப்பது கடைசியாகத் திறந்த தேதியை. அது வால்யூமின் பொருளடக்கமான வி.டி.ஓ.சி.யில் ஒவ்வொரு டேட்டாசெட்டுக்கும் உள்ள குறிப்பில் இருக்கிறது. படிக்க மட்டும் திறந்தாலும் அந்தத் தேதி இன்றைக்கு மாறிவிடும். யாராவது 3.4 பட்டியலில் எஸ்.ஆர்.சி.ஹெச்.ஃபார் போட்டு ஒரு சொல்லைத் தேடினால் பட்டியலில் உள்ள அத்தனைக்கும் வயது பூஜ்யம். இடக் கணக்கு எடுக்கிறேன் என்று தினமும் எல்லாவற்றையும் திறந்து பார்க்கும் ஒரு ரிப்போர்ட் ஜாப் இருந்தால் அந்தப் பூலில் எதுவுமே கிழடாகாது. பல இடங்களில் குற்றவாளி இந்த ரிப்போர்ட் ஜாப்தான்.

யார் திறக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க, சிஸ்டம் தானே எழுதிவைக்கும் எஸ்.எம்.எஃப். பதிவுகள் போதும். படிக்கத் திறந்ததற்கு வகை 14, எழுதத் திறந்ததற்கு 15, விசாம் வகை டேட்டாசெட்டுக்கு 62-உம் 64-உம். ஒரு வாரப் பதிவுகளிலிருந்து டேட்டாசெட் பெயரையும் ஜாப் பெயரையும் எடுத்து எண்ணினால் ஒன்றிரண்டு ஜாப் பெயர்கள் தனியே துருத்திக்கொண்டு நிற்கும். அந்த ரிப்போர்ட்டை ஐடிகேம்ஸ் என்ற கருவியின் டிகலெக்ட் கமாண்டுக்கு மாற்றுங்கள். அது வி.டி.ஓ.சி.யையும் ஹெச்.எஸ்.எம்.மின் பதிவேட்டையும் படிக்குமே தவிர, டேட்டாசெட்டைத் திறக்காது. 'டி' பதிவுகளில் டிஸ்கில் இருப்பவை, 'எம்' பதிவுகளில் நகர்ந்தவை என்று வயதுக் கணக்கும் அதிலேயே கிடைத்துவிடும்.

அடுத்து மேனேஜ்மென்ட் கிளாஸ், அதாவது ஒரு டேட்டாசெட்டை எப்போது நகர்த்துவது, எப்போது அழிப்பது என்ற விதித் தொகுப்பு. 'கமாண்ட் ஆர் ஆட்டோ மைக்ரேட்' என்ற இடத்தில் 'போத்' (இரண்டும்) இருக்க வேண்டும். 'கமாண்ட்' என்று இருந்தால் இரவு வேலை அதைச் சீண்டாது. இங்கே ஒரு வழுக்கல் உண்டு. டேட்டாசெட்டுக்குக் கிளாஸை ஒதுக்கும் ஏ.சி.எஸ். ரொட்டீனைத் திருத்தினால் புதிதாகப் பிறப்பவற்றுக்கும், ரீகால் ஆகித் திரும்புபவற்றுக்கும்தான் புது கிளாஸ் கிடைக்கும். ஏற்கெனவே டிஸ்கில் இருப்பவற்றுக்கு ஐடிகேம்ஸ் ஆல்டரில் மேனேஜ்மென்ட் கிளாஸ் பெயரைக் கொடுத்து மாற்ற வேண்டும். கிளாஸ் பெயரை விட்டுவிட்டு அதன் உள்ளே எண்களை மட்டும் திருத்தினால் அது எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

நாள் எண்ணிக்கை குறித்து ஒரு சொல். பிரைமரி டேஸ் (தொடாமல் எத்தனை நாள் கிடந்தால் நகர்த்துவது) 10 என்று வைத்துவிட்டு மாதம் ஒருமுறை ஓடும் ஜாபை வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு மாதமும் அதே டேட்டாசெட்டை ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பார்கள். 35 முதல் 40 நாள் என்பது மாதக் கணக்கைத் தாங்கும். லெவல் 1 டேஸ் என்பது பரணில் இருக்கும் நாள்கள் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கடைசியாகத் தொட்ட நாளிலிருந்து அது எண்ணப்படும். பிரைமரி 40, லெவல் 1-க்கு 45 என்று வைத்தால் பரணில் 5 நாள்தான், பிறகு டேப்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒன்று நகரவில்லை என்றால் ஹெச்.எஸ்.எம்.மின் ஆக்டிவிட்டி லாகில் ஏ.ஆர்.சி. 0734 வரிகளைப் பாருங்கள். ஒரு டேட்டாசெட்டுக்கு ஒரு வரி. செயல், எந்த வால்யூமிலிருந்து, எங்கே, ஆர்.சி. (முடிவுக் குறியீடு), ரீசன், வயது எல்லாம் அதில் இருக்கும். ஆர்.சி. பூஜ்யம் இல்லாத வரிகளை மட்டும் பிரித்தெடுங்கள். நகர்த்துவதில் வந்த தோல்விக்கு விளக்கம் ஏ.ஆர்.சி. 12 வரிசையிலும், ரீகாலுக்கு 11-இலும், பேக்கப்புக்கு 13-இலும் கிடைக்கும். ஆன்லைன் பரிவர்த்தனைகளை நடத்தும் சிக்ஸ் (சி.ஐ.சி.எஸ்.) மென்பொருள் நாள் முழுக்கப் பிடித்து வைத்திருக்கும் ஃபைல்கள்தான் பெரும்பாலும் அங்கே வரிசைகட்டி நிற்கும்.

கே: நகர்த்தி வைப்பதும் பேக்கப்பும் ஒன்றுதானே? ஏற்கெனவே டேப்பில் இருப்பதை ஏன் மறுபடி பேக்கப் எடுக்கிறார்கள்?
— வாசகி, மேலூர்

ப: ஒன்றல்ல. நகர்ந்த பிறகு உலகத்தில் இருப்பது அந்த ஒரே பிரதி. டிஸ்கில் இருந்தது போய்விட்டது. அந்த டேப் பழுதானால் டேட்டாசெட்டும் போச்சு, தனி பேக்கப்போ டூப்ளெக்ஸ் (இரட்டைப் பிரதி) டேப்போ இருந்தால் ஒழிய.

அதைவிட முக்கியமானவை ஹெச்.எஸ்.எம்.மின் கண்ட்ரோல் டேட்டாசெட்டுகள்: நகர்த்தலுக்கு எம்.சி.டி.எஸ்., பேக்கப்புக்கு பி.சி.டி.எஸ்., டேப்புக்கு ஓ.சி.டி.எஸ்., கூடவே இவற்றில் நடக்கும் மாற்றங்களைக் குறித்துவைக்கும் ஜர்னல். எது எந்த டேப்பில் எங்கே இருக்கிறது என்ற சாவி இவற்றில்தான். இவை தொலைந்தால் ஆயிரம் கார்ட்ரிட்ஜ் நல்ல நிலையில் இருந்தும் பயன் இல்லை. தினமும் இவற்றை பேக்கப் எடுக்கும் பேக்வால் சி.டி.எஸ். ஓடுகிறதா என்று பாருங்கள். அது வெற்றியாக முடிந்தால்தான் ஜர்னல் காலியாகும். ஜர்னல் அடிக்கடி நிரம்புகிறது என்று புகார் வந்தால் முதலில் நேற்றைய சி.டி.எஸ். பேக்கப் முடிந்ததா என்று கேளுங்கள்.

கே: மேனேஜ்மென்ட் கிளாஸில் 'எக்ஸ்பயர் ஆஃப்டர் டேஸ் நான்-யூசேஜ்' 365 என்று இருக்கிறது. ஓராண்டு தொடாவிட்டால் ஆர்கைவுக்குப் போய்விடும் என்று பொருளா?
— வாசகர், உசிலம்பட்டி

ப: போகாது, அழிந்துவிடும். எக்ஸ்பயர் என்றால் நீக்கம். நகர்த்துவதை முடிவு செய்வது பிரைமரி டேஸும் லெவல் 1 டேஸும். இந்த ஒரு பேனலில் இரண்டு வகை எண்களும் ஒன்றின்மேல் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் இது.

365 என்பது இன்னொரு வகையிலும் ஆபத்தான எண். கள்ளழகர் ஆற்றில் இறங்குவதுபோல் ஆண்டுக்கு ஒரே ஒருமுறை வெளியே வரும் டேட்டாசெட்டுகள் உண்டு. மார்ச் 31 கணக்கை முடித்துவிட்டு ஏப்ரலில் ஒருமுறை ஓடும் ஜாப் அவற்றைத் திறக்கும். இந்த ஆண்டு ஏப்ரல் 10 அன்று ஓடியது, அடுத்த ஆண்டு தணிக்கையாளர் தாமதித்ததால் ஏப்ரல் 18 அன்று ஓடுகிறது என்றால், ஜாப் தேடும்போது ஃபைல் இருக்காது.

எத்தனை ஆண்டு வைக்க வேண்டும் என்பது ஸ்டோரேஜ்காரர் முடிவு அல்ல. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 128-ஆவது பிரிவு கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகள் வைக்கச் சொல்கிறது. ஜி.எஸ்.டி. பதிவுகளுக்கு, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய நாளிலிருந்து 72 மாதம். பணமோசடித் தடுப்புச் சட்டத்தின்படி பரிவர்த்தனைப் பதிவுகளுக்கு 5 ஆண்டு. சட்டம் தொடும் டேட்டாசெட்டுகளுக்குத் தனி கிளாஸ் வைத்து, அதில் தொடாத நாள் கணக்கால் வரும் எக்ஸ்பயரை 'நோலிமிட்' ஆக்கிவிடுங்கள். அழிப்பதை ஆண்டுக்கு ஒருமுறை, பட்டியல் எடுத்து, உரியவரிடம் கையெழுத்து வாங்கிச் செய்யலாம்.

கே: மாத முடிவு ஜாப் 36 ஜி.டி.ஜி. ஜெனரேஷன்களை (ஒரே பெயரில் வரிசை எண்ணோடு சேரும் பதிப்புகள்) படிக்கிறது. எல்லாம் டேப்பில். முதல் ஸ்டெப் ஓடவே இரண்டரை மணி நேரம் ஆகிறது. எப்படிக் குறைப்பது?
— வாசகி, கே. புதூர்

ப: ஸ்டெப் தொடங்கும் முன் அலோகேஷன், அதாவது அதற்கு வேண்டிய டேட்டாசெட்டுகளை ஒதுக்கித் தருவது, நடக்கிறது. அந்த நேரத்தில் 36-ஐயும் ஒவ்வொன்றாகக் கேட்டு, வந்ததும் அடுத்ததைக் கேட்கிறது. ஒரே கார்ட்ரிட்ஜில் பத்து இருந்தாலும் ஹெச்.எஸ்.எம்.முக்கு அது தெரியாது, ஏனென்றால் வரிசையில் எப்போதும் ஒரு கோரிக்கைதான் நிற்கிறது.

முந்தைய நாள் மாலையே ஒரு சிறு ஜாப் ஓட்டுங்கள். கமாண்டுகளை ஜாபாக ஓட்டும் ஐ.கே.ஜே.இ.எஃப்.டி.01 புரோகிராம் வழியாக 36 ஹெச்ரீகால் கமாண்டுகள், ஒவ்வொன்றிலும் நோவெயிட். எல்லாக் கோரிக்கையும் ஒன்றாக வரிசைக்கு வந்தால் ஒரு கார்ட்ரிட்ஜை ஏற்றியதும் அதில் உள்ளவற்றை ஒரே மூச்சில் இறக்க முடியும். பிரைமரி பூலில் 36-க்கும் இடம் இருக்கிறதா என்று அதற்கு முன் கூட்டிப் பார்த்துவிடுங்கள். புதிய இசட்/ஓ.எஸ்.ஸில், சிஸ்டம் அமைப்புகள் இருக்கும் பார்ம்லிப்பின் அலாக் மெம்பரில் பேட்ச் ரீகாலை சீரியலிலிருந்து பேரலலுக்கு மாற்றவும் வசதி உண்டு. அது மொத்த சிஸ்டத்தையும் பாதிக்கும் என்பதால் சிஸ்டம் புரோகிராமரிடம் விட்டுவிடுங்கள்.

முடிந்த பிறகு அவற்றை அப்படியே விட்டால் 40 நாள் டிஸ்கில் உட்கார்ந்திருக்கும். உடனே திருப்பி நகர்த்திவிடுங்கள். ஹெச்.எஸ்.எம்.மில் ரீகனெக்ட் இயக்கப்பட்டிருந்தால், மாற்றம் இல்லாத டேட்டாசெட்டைப் பழைய டேப் பிரதியோடே மறுபடி இணைத்துவிடும். ஒரு பைட் கூட எழுத வேண்டியதில்லை, நொடியில் முடியும்.

கூடவே ஜாபின் தலைப்பில் ஐ.இ.எஃப்.பி.ஆர்.14 ஸ்டெப் வைத்துப் பழைய ஜெனரேஷனை அழிக்கிறீர்களா என்று பாருங்கள். அந்த புரோகிராம் ஒன்றுமே செய்யாது. ஆனால் டிஸ்ப் ஓல்ட், டெலீட் (பழையது, முடிந்ததும் அழி) என்று இருந்தால் அலோகேஷன் அதை டேப்பிலிருந்து இறக்கி, பிறகு அழிக்கும். அலாக் மெம்பரில் இதைத் தடுக்க 'நோரீகால்' என்ற வழி இசட்/ஓ.எஸ். 1.11-இலேயே வந்துவிட்டது, ஆனால் இயல்பு நிலையில் அது அணைந்திருக்கும். ஐடிகேம்ஸ் டெலீட்டுக்கு மாற்றிக்கொள்வது எளிது.

கே: ஒரு லட்சம் ரெக்கார்டு, தலா 80 பைட், மொத்தம் 8 எம்.பி. ஆனால் 86 சிலிண்டர் காட்டுகிறது. பரணுக்கு அனுப்பிவிட்டால் சரியாகிவிடுமா?
— வாசகர், அண்ணா நகர்

ப: பிளாக் சைஸும் (ஒரே மூச்சில் எழுதும் அளவு) 80 என்று இருக்கும், பாருங்கள். 3390 டிஸ்கில் ஒரு டிராக்கில் 80 பைட் பிளாக் 78 தான் பிடிக்கும். மீதி எல்லாம் பிளாக்குகளுக்கு இடையே போகிறது. ஒரு லட்சத்துக்கு 1,283 டிராக், அதாவது 86 சிலிண்டர். பிளாக் சைஸ் 27,920 என்றால் ஒரு டிராக்கில் 698 ரெக்கார்டு. மொத்தம் 144 டிராக், 10 சிலிண்டர். பிளாக் சைஸ் பூஜ்யம் கொடுத்து ஒரு காப்பி எடுங்கள், சிஸ்டமே சரியான எண்ணைப் போட்டுக்கொள்ளும். பரணில் இருக்கும்வரை சுருங்கியிருக்கும், ஆனால் திரும்பி வரும்போது அதே 86 சிலிண்டரைக் கேட்கும்.

கே: பழைய டிரைவ்களைக் கழற்றப் போகிறார்கள். எம்.எல்.2 கார்ட்ரிட்ஜ்களில் உள்ளதைப் புதிய வகைக்கு மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் ரீகால் செய்து மறுபடி நகர்த்துவதா?
— வாசகர், திருப்பரங்குன்றம்

ப: வேண்டாம். டிஸ்க் தாங்காது, எல்லா டேட்டாசெட்டின் வயதும் இளமையாகிவிடும். இதற்கென்றே ரீசைக்கிள் இருக்கிறது. அது ஒரு டேப்பில் இன்னும் செல்லுபடியாகும் பகுதிகளை நேரே இன்னொரு டேப்புக்கு எழுதும், டிஸ்கைத் தொடாது.

முதலில் கண்ட்ரோல் டேட்டாசெட் பேக்கப். பிறகு ஹெச்.எஸ்.எம். அமைப்பை மாற்றும் செட்சிஸ் கமாண்டில் நகர்த்தலுக்கும் ரீசைக்கிளுக்கும் எழுதும் யூனிட் புதிய வகை என்று மாற்றுங்கள். இதை மறந்தால் பழைய கார்ட்ரிட்ஜிலிருந்து பழைய கார்ட்ரிட்ஜுக்கே மாற்றி முடித்துவிட்டு விடிகாலையில் தலையில் கை வைப்பீர்கள். பாதி நிரம்பிய டேப்புகளை டெல்வால், மார்க்ஃபுல் என்று முழுதாகக் குறித்துவிடுங்கள். முழு டேப்புகளைத்தான் ரீசைக்கிள் இயல்பாகத் தேர்ந்தெடுக்கும். இனி ரீசைக்கிள் எம்.எல்.2, டிஸ்ப்ளே. எத்தனை டேப், ஒவ்வொன்றிலும் எத்தனை சதவீதம் உயிரோடு இருக்கிறது என்ற பட்டியல் வரும். அன்றாடம் 20 சதவீதத்துக்குக் கீழ் உள்ளதை மட்டும் ரீசைக்கிள் செய்வது வழக்கம். இங்கே எல்லாமே வேண்டும் என்பதால் பெர்சென்ட்வேலிட் 100.

ஒரு ரீசைக்கிள் டாஸ்க்குக்குப் படிக்க ஒன்று, எழுத ஒன்று என்று இரண்டு டிரைவ். நான்கு டாஸ்க் என்றால் எட்டு. பகலில் ரீகாலுக்கு டிரைவ் மிச்சம் வையுங்கள். படிக்க முடியாத டேப் ஒன்றாவது வரும். டூப்ளெக்ஸ் இருந்தால் டேப்ரெப்பிள் போட்டு மாற்றுப் பிரதியை முதல் பிரதியாக்கலாம். இல்லாவிட்டால் டேப்பைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் ஆடிட் மீடியாகண்ட்ரோல்ஸ். பட்டியல் பூஜ்யம் ஆகும்வரை பழைய டிரைவில் இரண்டையாவது கழற்ற விடாதீர்கள்.

கார்ட்ரிட்ஜ்களை வண்டியில் அனுப்புவதாக இருந்தால், நெடுங்கால வைப்புக்கு 16 முதல் 25 டிகிரி, ஈரப்பதம் 20 முதல் 50 சதவீதம் என்பது கணக்கு. அக்னி நட்சத்திர நாளில் மாட்டுத்தாவணி வெயிலில் நிற்கும் வேனுக்குள் அது கிடைக்காது. விடியுமுன் ஏற்றுங்கள், போய்ச் சேர்ந்ததும் 24 மணி நேரம் அந்த அறையிலேயே ஆறவிட்டு டிரைவில் போடுங்கள்.

கே: பழைய ஃபைல்களை மெயின்ஃப்ரேமிலிருந்தே எடுத்து வெளியே லினக்ஸ் சர்வரில் ஆர்கைவ் செய்கிறோம். எஃப்.டி.பி.யில் போனது, எழுத்தெல்லாம் சரியாக இருக்கிறது, தொகைகள் மட்டும் குப்பையாக வருகின்றன.
— வாசகர், இலந்தைக்குளம்

ப: டெக்ஸ்ட் முறையில் அனுப்பியிருக்கிறீர்கள். அது மெயின்ஃப்ரேமின் எழுத்துக் குறியீடான எப்சிடிக்கை லினக்ஸ் பக்கத்து ஆஸ்கியாக மாற்றும். பெயருக்கும் முகவரிக்கும் அது சரி. காம்ப்-3 (இலக்கங்களை நெருக்கி அடைத்த எண்) தொகை எழுத்தே அல்ல. கோபால் நிரல்மொழியில் எஸ்9(5)வி99 காம்ப்-3 என்று அறிவித்த ஒரு புலத்தில் 123.45 இருந்தால் அது நான்கு பைட்: 00, 12, 34, 5சி. ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கம், கடைசி அரை பைட் குறி. சி என்றால் கூட்டல், டி என்றால் கழித்தல். மாற்று அட்டவணை இந்த நான்கையும் எழுத்து என்று நினைத்து வேறு நான்காக்கிவிட்டது. அதைத் திருப்பிச் சீர்செய்ய முயலாதீர்கள், மூல டேட்டாசெட் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பைனரி முறையில் மறுபடி எடுங்கள். வி.பி. (ரெக்கார்டின் நீளம் மாறும்) வகை ஃபைல் என்றால் ஒவ்வொரு ரெக்கார்டின் முன்னும் நீளம் சொல்லும் 4 பைட் ஆர்.டி.டபிள்யூ.வும் கூட வரும்படி அமைக்க வேண்டும், இல்லாவிட்டால் ரெக்கார்டு எங்கே முடிகிறது என்று பின்னால் யாருக்கும் தெரியாது. ரெக்ஃபார்ம் (ரெக்கார்டு வகை), எல்.ரெக்எல். (ரெக்கார்டு நீளம்), எப்சிடிக் கோட்பேஜ் எண், ரெக்கார்டு எண்ணிக்கை, தொகைப் புலத்தின் மொத்தக் கூட்டல் ஆகியவற்றை ஒரு சிறு உரைக் கோப்பில் எழுதிப் பக்கத்திலேயே வையுங்கள். அந்தந்த ஆண்டில் நடப்பில் இருந்த காப்பிபுக்கையும் (ரெக்கார்டின் புலங்களை விவரிக்கும் கோபால் பட்டியல்) சேர்த்து வையுங்கள். இன்றைய காப்பிபுக் உதவாது; நடுவில் யாராவது ஒரு புலத்தை இரண்டு பைட் நீட்டியிருந்தாலும் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் தள்ளிப்போகும். லினக்ஸ் பக்கத்தில் அந்தக் காப்பிபுக்கை வைத்துப் படித்து, கூட்டல் ஒத்துவந்த பிறகு மெயின்ஃப்ரேம் பிரதிக்கு ஹெச்டெலீட் போடலாம்.